நான் சொல்லாத மந்திரம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், பிள்ளையார் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவேன், அத்தோடு சரி. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பாதிப் பேருக்கு நான் ஓயாமல் ஜபம் செய்கிற பெண்மணி.

எல்லாம் என் வாயால் வந்தது. உதடு தானாகக் குவியும், விரியும். தாடை எதையோ மென்றுகொண்டே இருக்கும். நான் கொஞ்சம் அசந்தால் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு மனசு கலங்கிப்போயிற்று. ஆளில்லாத அறையில் குரல்கள் கேட்டன. குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் என்னைத்தான் ஏசுகிறார்கள் என்று நம்பினேன். கடலூரில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அந்தக் குரல்களை அடக்கியது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்க மாட்டேன். அதனால் அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் வருஷக்கணக்கில் அதை விழுங்கியதற்கு என் வாயையே கொடுக்க வேண்டியதாயிற்று.

வாய் ஆடுவது எனக்கே முதலில் தெரியாது. ஒரு வளைகாப்பு வீடியோவில்தான் பார்த்தேன். யாரோ ஒரு கிழவி என் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கொழுக்கட்டை மெல்வதுபோல் இருந்தது. நான் என்று புரிந்ததும் எழுந்து குளியலறைக்குப் போய் அழுதேன். மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: சட்டென்று நிறுத்தினால் குரல்கள் திரும்பலாம், வாயும் இன்னும் மோசமாகலாம், மெல்ல மெல்ல மாற்றிப் பார்ப்போம். மாற்றினார். கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

பிறகு நானாகச் சில வழிகளைக் கண்டுபிடித்தேன். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டால் நாக்கு அதன்மேல் கவனமாக இருக்கும். மோவாயில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டால் தாடை சற்று அடங்கும். தூக்கத்தில் மட்டும் எல்லாம் நின்றுவிடுமாம், வீட்டுக்காரர் சொல்வார். கொரோனா காலத்தில் ஊரே முகக்கவசத்தைத் திட்டியபோது எனக்கு அது வரமாக இருந்தது. எல்லாரும் கழற்றிய பிறகும் நான் ரொம்ப நாள் கழற்றவில்லை.

கோயிலில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சுற்றி வரும்போதுகூட நாமம் விடாமல் சொல்கிறேனாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்திருந்த வீட்டுக்காரர் சிரித்தார்.

"வுடும்மா. பைத்தியம்னு சொல்றதுக்கு பக்தின்னு சொல்லிக்கினு போவட்டுமே."

நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டில் எதுவும் நான் இல்லையே.

மகனுக்கு முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு பெண் பொருந்தி வந்தது. பெண்ணின் அம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். தட்டில் வைத்த கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்தார்.

"எந்நேரமும் ஏதோ சொல்லிகினே இருக்கீங்களே, என்னாங்க அது?"

நான் மோவாயில் விரலை ஊன்றுவதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஜபங்க. தூங்குற நேரம் தவுத்து வுடவே மாட்டா."

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்பிடி ஒரு வூட்டுக்குத்தாங்க எம்பொண்ண குடுக்கணும்" என்று கேசரியை எடுத்துச் சாப்பிட்டார். முடிந்தது பேச்சு. என் மகனின் கல்யாணம் நான் சொல்லாத மந்திரத்தின்மேல் நின்றது.

அவர்கள் போனதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றார் வீட்டுக்காரர். என் மாத்திரையை மாதாமாதம் வாங்கி வருகிறவன் மகன்தான். அவன், "நீ என்னா முடிவு பண்ணாலும் சரிம்மா" என்றான். நான் முடிவு பண்ணவில்லை. பயந்தேன்.

பூ வைக்கப் போன அன்று கிராம்போடுதான் போனேன். முந்திரி மரங்களுக்கு நடுவில் வீடு. கூடம் நிறைய உறவுக்காரர்கள். பெண்ணை மணையில் உட்காரவைத்தார்கள். நெற்றியில் குங்குமம் இட்டேன். சடையில் மல்லிகைச் சரத்தை வைத்தேன். அப்போது அவள் அம்மா என் பக்கம் நெருங்கி வந்தார்.

"சம்மந்தி, நீங்க சொல்ற மந்திரத்த எம்பொண்ணு காதுல ஒரு தடவ சொல்லி வுடுங்க. அவளும் புடிச்சிக்கட்டும்."

சில பெண்கள் கைகூப்பிக்கூட நின்றார்கள். நல்ல மனசோடு கேட்கிறார், அதற்கு மேல் என்னால் ஏமாற்ற முடியவில்லை. குனிந்து அந்தப் பெண்ணின் காதில் மெல்லச் சொன்னேன்.

"இது மந்திரம் இல்ல கண்ணு. மனசு செரியில்லாம போயி வருசக்கணக்கா மாத்திர சாப்புடுறேன். அதனால வாய் தன்னால ஆடுது. மனசுக்கு ஒப்பலன்னா இப்பவே சொல்லிடு. பழிய நான் ஏத்துக்கறேன்."

அவள் திரும்பி என் வாயைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் திருப்பவில்லை.

"வலிக்குதா அத்தை?"

டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொன்னார்கள். உறவுக்காரர்கள் என்ன மெல்கிறாய் என்று கேலி செய்தார்கள். வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரர்கூட.

"வலிக்காதும்மா. ஓயாது, அவ்ளோதான்."

"என்னாடி, மந்திரத்த புடிச்சிக்கினியா?" என்றார் அவள் அம்மா.

"மந்திரம்லாம் இல்லம்மா" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அத்தை சாப்புடுற மாத்திரையால வாய் ஆடுது. அவங்களே சொல்லிட்டாங்க. எனக்கு சம்மதம். பூ நிக்கல பாரு, பின் எடுத்துக் குடு."

என் வீட்டுக்காரர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பின்னைப் பல்லில் கடித்துப் பிரித்தேன். மோவாயில் விரலை ஊன்றாமல், இரண்டு கையாலும் பூவைப் பிடித்துக் குத்தினேன்.