மாமனாருக்கு நான் செய்த சவரம்

கார்த்திகை தீபத்துக்கு வீடு வெள்ளையடிக்கும் வாரம் வந்துவிட்டால் என் மனைவி எனக்கு எல்லா வேலையும் தருவாள். பரண் ஏறலாம், ஒட்டடை அடிக்கலாம், பீரோவைத் தனியாக நகர்த்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் தடை. போன வாரம் ஈரத் துணியோடு சுவர்ப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், சமையலறையிலிருந்து குரல் வந்தது. "படத்து மேல கைய வெக்காதீங்க!" அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சில வருடங்களாகவே இப்படித்தான்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறினாலே நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போய் விழுந்துவிடுவேன். கல்யாணமாகி நான்கு மாதம். ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், வேலை திருவண்ணாமலையில், ஜாகை மாமியார் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று கேட்காத வேலையையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வேன். கேட்ட வேலை எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

கூடத்தில் மாமனார் படம் மாட்டியிருக்கும். நான் மருமகனாவதற்கு முன்பே போய்விட்டவர். வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்போமே, அந்த மண்டியில் எடை போட்டவர். போட்டோ எடுத்தால் ஆயுசு கம்மி என்று நம்பினவராம். கல்யாணத்துக்கே படம் எடுக்க விடவில்லை. மண்டியில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்தபோது அகப்பட்டுக்கொண்டார். அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டிய படம்தான் இது. பெரிதாக்கியதில் மீசை வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். அந்த மண்டிப் படமும் பிறகு தொலைந்துவிட்டது, வேறு கிடையாது. தீபத்தன்று மலை மேல் ஜோதி தெரிந்ததும் வீட்டின் முதல் அகல் அவர் முன்னால்தான் ஏறும்.

தீபத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல் எட்டணா கனத்துக்கு ஏறியிருந்தன. குத்துவிளக்குகளைத் தேய்த்து முடித்த உற்சாகம் வேறு. அதே கையோடு மாமனாரையும் சீயக்காய் போட்டுத் தேய்த்து, மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். பளபளவென்று ஆனார். மொட்டை மாடியில் வெயில் பார்த்து, மலையைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். என் பக்தியை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மத்தியானம் போய்ப் பார்த்தால், பின்னட்டை வழியாக நீர் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் காணாத கல்லில் முதல் தோசை பிடிக்குமே, அப்படி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா? சவர பிளேடை எடுத்து நைசாக நடுவில் விட்டேன். மூக்கு வரை நன்றாகத்தான் வந்தது. அதற்குக் கீழே 'சரக்' என்றது. மேலுதடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். உலகத்தில் எத்தனையோ மருமகன்கள் உண்டு. மாமனார் மீசையை பிளேடால் எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பிரேம் மாத்தக் குடுத்திருக்கேன் அத்தே" என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு, சின்னக்கடைத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த மஸ்தான் பாயிடம் ஓடினேன். துண்டை விலக்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "எவன் வெயில்ல வெச்சது?"

"எங்க வீட்ல ஒரு மடையன் இருக்கான் பாய்."

"கூப்ட்டு வா, அவன் கைய ஒடிக்கணும். ஒட்டிக்கினா பிய்க்கக் கூடாதுப்பா. தண்ணில ஒட்டினத தண்ணிதான் விடணும்."

பீங்கான் தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியோடு படத்தை மூழ்கப் போட்டார். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் விடாதா என்று கேட்டேன். "படம் மேல இருக்கறது பசை மாதிரி. வெந்நீர் ஊத்தினா ஒங்க மாமனாரு கரைஞ்சி ரசமாயிடுவாரு" என்றார். அதன்பின் நான் யோசனை சொல்வதை விட்டேன். சாயங்காலம் ஒரு ஓரம் மெல்ல எழும்பியது. கொஞ்ச நேரத்தில் முழுப் படமும் தானாக மிதந்தது. பாய் அதை அள்ளி, முகம் மேலே பார்க்க, மை ஒற்றும் தாளில் கிடத்தினார். காய்ந்ததும் மறுபடி படமெடுத்து, அந்தப் பிரதியில் உதட்டை வரைவதாக ஏற்பாடு.

"மீசை எப்டி இருக்கும்?" என்றார். கறுப்புத் திட்டைத் தவிர நான் எதையாவது பார்த்தால்தானே!

மனைவியிடம் சாடையாக விசாரித்தேன். "இன்னாத்துக்கு? நீங்க வெக்கப் போறீங்களா? வேணாம், சகிக்காது" என்றாள். மச்சானோ, "எங்கப்பா மீசைய பாத்தாலே மண்டி ஆளுங்க எழுந்து நிப்பாங்க!" என்று இரண்டு கன்னத்துக்கும் கோடு இழுத்துக் காட்டினான். எதிர்வீட்டுக்காரர், "ஏது, அந்த எறும்பு வரிசையா?" என்றார்.

இந்த இரண்டு மீசைகளோடு மறுநாள் ஸ்டுடியோவில் நின்றேன். வாசலில் அகல் விளக்குக் கூடையோடு மாமியார்!

"பிரேமு ஆச்சானு கேக்க வந்தேன்" என்றவர், தாளில் படுத்திருந்த கணவரைக் குனிந்து பார்த்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

"மீசை எங்க மாப்ளே?"

"தண்ணி பட்டுப் போச்சும்மா" என்றார் பாய், என்னைப் பார்க்காமல்.

மாமியார் கூடையை இறக்கி வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். களுக்கென்று சிரித்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப மீசையே இல்ல பாய். அப்பறமா வெச்சாரு. வேணாம்னு எத்தினியோ சொன்னேன், கேட்டாதானே? செவுத்துக்குப் பசங்க சொல்ற மாதிரி மீசையோட போட்டுக்குடு. எனக்குனு சின்னதா ஒண்ணு, மீசை இல்லாம போடு. மீசை இல்லாத மொகம் நெனப்புல மங்கிக்கினே வருது." பிறகு என் பக்கம் திரும்பி, "பசங்ககிட்ட சொல்லாதீங்க" என்றார். உத்தரவு போடும் நிலைமையில் இருந்தது அவர்தான். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

அவர் போனதும் பாய் தூரிகையைத் தூக்கிக்கொண்டு முழித்தார். மீசையாவது கேட்டு வரையலாம். மீசை இல்லாத உதட்டை எங்கே போய்க் கேட்பது?

"கொஞ்சம் வாய மூடு."

"நான் பேசவேயில்லியே பாய்?"

"அப்டியே இரு. அசையாத."

அன்றைக்கு நான் வழவழவென்று சவரம் செய்திருந்தேன். பாய் என்னை ஒருமுறை பார்ப்பார், ஒரு கோடு போடுவார். இப்படியே அரை மணி.

தீபத்தன்று கூடத்தில் மாமனார் மச்சான் சொன்ன மீசையோடு கம்பீரமாக வீற்றிருந்தார். சின்னப் படத்தை நான் கொல்லைப்புறத்தில் வைத்து மாமியாரிடம் தந்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதான். இந்த ஒதடுதான்" என்றார். முந்தானையில் துடைத்துப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அது என் உதடு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்து நல்லது நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மஸ்தான் பாய் போய்விட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். படம் கெட்டால் பையன்கள் கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் சரிசெய்கிறார்கள், மீசை எப்படி இருந்தது என்று ஒருவரும் தெருத்தெருவாக அலைவதில்லை. மாமியாரும் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது மனைவி கையில் அந்தப் படம் கிடைத்தது.

"யாருங்க இது? அப்பா ஜாடைதான். ஆனா வாய் மட்டும்..." என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், திட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நெஜமாவே அப்பா ஒதடு இப்டிதான் இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் புடவைகளைத்தான் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.