உலக்கையா, குளிசையா

நாற்பத்தொன்பது வயதில் என் உடம்பில் எழுந்த சூட்டுக்கு வீட்டுக் கூரைதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி, நல்ல அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் தென்னோலைக் கிடுகு வேயச் செய்தவள் நான். எங்கள் ஊரான கல்லடியில் அப்போது எல்லோரும் கிடுகைக் கழற்றிவிட்டுத் தகடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தகட்டுக்கு மேல் கிடுகு போட்ட ஒரே வீடு எங்களுடையது. தெருவால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த என் கணவர், வீடு எனக்குச் சீதனமாக வந்தது என்பதாலோ, அந்த நாட்களில் என்னோடு வாய் கொடுப்பது ஆபத்து என்று கண்டுகொண்டதாலோ, ஒரு வார்த்தை பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேய்ந்து முடித்த கையோடு மாரி தொடங்கியது. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஒரு காலைப்பொழுதில் நான் முற்றத்து மழைக்குள் நின்றேன். மார்பிலிருந்து காதுவரை அடுப்பில் வைத்ததுபோல எரிந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை. இனி அதன் மேல் பழி போட வழியில்லை.

அந்தக் கோலத்தில் என்னைக் கண்டவர் மச்சாள். என் கணவரின் மூத்த சகோதரி. எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நான் மச்சாள். முப்பது வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வேலிப் படலையைத் திறந்து வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னகா, கூரை இன்னும் சுடுதா?"

"இல்ல மச்சாள்."

"பின்ன ஏன் மழைக்க நிக்காய்? எரியிறது கூரையில்ல புள்ள, நீதான். வயசு வந்திட்டு. உள்ளுக்குப் போய்த் தலையத் துவட்டு."

எனக்கு ஊரில் படித்தவள் என்று பெயர். பட்டணத்து நூலகத்தில் இருந்த ஆங்கில நாவல்களில் பாதிக்கு மேல் வாசித்திருந்தேன். அவற்றில் வரும் பெண்கள் இருபது வயதில் காதலித்தார்கள், அல்லது இருமி இருமிச் செத்தார்கள். தப்பியவர்கள் அடுத்த அத்தியாயத்தில் நரைத்த தலையோடு பணக்கார அத்தைகளாகி உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் கழுத்து வியர்த்ததாக எந்த ஆசிரியரும் எழுதவில்லை. ஆகவே வாசிப்பு எனக்கு உதவவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்திருந்தது. நின்றது என்று சொல்கிறோமே தவிர, எனக்கு அதன்பிறகுதான் எல்லாம் தொடங்கிற்று. நித்திரை போனது. போன நித்திரைக்குப் பதிலாக ஒரு சோர்வு வந்து, வாடகை கொடுக்காத குடியிருப்பாளனைப்போல எலும்புக்குள் தங்கிவிட்டது. வகுப்பில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் அரசனின் பெயர் மறந்துபோகும். ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்ததற்காக, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். இருபத்தைந்து வருடமாகச் செய்த வேலையை விட்டுவிடுவதென்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அதை யாரிடமாவது சொல்லத்தான் தெம்பில்லை.

பாலத்துக்கு அப்பால், பட்டணத்தில் ஒரு லேடி டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. அவரிடம் என்னைக் கூட்டிப்போனவர் மச்சாள்தான். தனியாக விட்டால் பாதியைச் சொல்லாமல் மறைத்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

"நித்திரை எப்பிடி?" என்று டொக்டர் கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன்.

"பரவாயில்லையாம்" என்றார் மச்சாள். "இவவுக்கும் நித்திரை இல்ல டொக்டர், இவட புருசனுக்கும் இல்ல. நாலு வீட்டுக்கு அங்கால கிடக்கிற எனக்கும் இல்ல. பாத்திரத்தப் போட்டு உடைக்கிறா."

டொக்டர் சிரிக்கவில்லை. அந்த ஊரில் என் கதையைச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர். உடம்பு செய்வதை நிறுத்திவிட்ட ஒரு சத்தைக் குளிசையாக, மாத்திரை வடிவில், கொடுக்கலாம் என்றார். வெளிநாடுகளில் நிறையப் பேர் எடுக்கிறார்கள் என்றார். "ஆனா எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரி நான் சொல்லமாட்டன். குறைஞ்ச அளவில தொடங்கிப் பாப்பம்." பிரஷர் பார்த்தார். நிறை பார்த்தார். தாய், சகோதரிகள் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா, எனக்கு எப்போதாவது செங்கமாரி என்ற காமாலை வந்ததா, காலில் இரத்தம் கட்டியதா என்று வரிசையாகக் கேட்டார். சிறுநீர் சோதிக்கச் சொன்னார். கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில்தான் அந்த விஷயம் வந்தது.

"மூண்டு கிழமை, இருபத்தொரு நாள், போடவேணும். மறு கிழமை விடவேணும். விடுற கிழமையில திரும்பவும் தீட்டு வரக்கூடும். பயப்பட ஒண்டுமில்லை."

மச்சாள் அதுவரை டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஏன் திரும்பினார் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வைகாசியில்தான் கதவு திறக்கும். சில நாட்கள் சடங்கு நடந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு மறுபடி பூட்டப்படும். அந்தச் சடங்குக்கு வேண்டிய அரிசியைக் கோயில் வளவிலேயே நெல் குற்றி எடுப்பார்கள். எங்கள் கோயிலில் அந்த உலக்கையை மாதத்துடக்கு முற்றாக நின்ற பெண்கள் மட்டும்தான் தொடலாம். மற்றவர்கள் எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணானாலும் கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும். மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைப் பேச்சு எழும் சபைகளில் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அவருக்கென்று ஊர் ஒதுக்கிக் கொடுத்த ஒரே இடம் அந்த உரலடிதான். ஒரு உரலுக்கு இரண்டு பேர். அவரோடு சேர்ந்து குற்றிய கிழவி அந்த வருடம் ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு நான் வருவேன் என்று மச்சாள் பூசகரான கட்டாடியாரிடம் சொல்லி முடித்திருந்தார். நான் வராவிட்டால் அந்த இடம், கிழக்கு வேலிக்காரி என்று நாங்கள் சொல்லும் மச்சாளின் அயல்வீட்டுப் பெண்ணுக்கு. வேலிக்கதியாலை மச்சாளின் வளவுக்குள் நகர்த்தி நட்டாள் என்று அவர் பதினொரு வருடமாக அவளோடு பேசுவதில்லை. பேசாதவளோடு ஒரே உரலில் குற்றுவது எப்படி? ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளின் உலக்கை இறங்கவேண்டும்.

சாமி விஷயத்தில் நான் பட்டும் படாமலும் இருப்பவள். ஆனாலும் பாலத்தில் நடந்து வரும்போது, வைகாசி முடியட்டும், அதன்பிறகு குளிசையைத் தொடங்குகிறேன் என்று சொன்னேன்.  மச்சாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். காற்று பலமாக அடித்தது. ஆனாலும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு நடந்தார். நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். பட்டணத்து மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கொழும்புக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில், பழைய ஆங்கிலச் சஞ்சிகையொன்றில், அத்தகைய குளிசைகளைச் சினைப்பட்ட குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுப்பதாக வாசித்துத் தொலைத்தேன். படித்தவள் என்ற பெயரால் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான். மச்சாளிடம் சொன்னேன்.

"மாட்டு மூத்திரத்த வீடு முழுக்கத் தெளிக்கம்" என்றார். "குதிரை என்ன குறைஞ்ச சாதியா?"

பங்குனியில் குளிசைப் போத்தல் வந்தது. அலுமாரிக்கு மேலே வைத்தேன். வைகாசிக்கு இன்னும் இரண்டு மாதம். எனக்கு அது பெரிய தியாகமாகத் தெரிந்தது. அதை நினைத்து நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டதில், கொஞ்ச நாளைக்குச் சூடுகூடக் குறைந்ததாக ஒரு பிரமை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், துருவலை மேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதித் தேங்காய் கைதவறி உருண்டு அடுப்புச் சாம்பலுக்குள் விழுந்தது. அவ்வளவுதான். எழும்பி எடுக்க முடியவில்லை. துருவலை மேலேயே இருந்து, செத்த வீட்டில் அழுவதுபோல அழுதேன். என் கணவர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். அக்காவைக் கூப்பிட ஓடினார்.

மச்சாள் வந்து என்னைப் பார்த்தார். தேங்காயை எடுத்துக் கழுவினார். பிறகு அறைக்குள் போய்ப் போத்தலையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் கொண்டுவந்து என் முன்னால் தரையில் குந்தினார்.

"இண்டைக்கே தொடங்கு."

"வைகாசி வரட்டும் மச்சாள். உங்களுக்குச் சொல்லியிருக்கன்."

"எனக்கிட்டச் சொன்னதுக்காகச் சாகப்போறியா? பள்ளிக்கூடத்த விடப்போறாயாம், தம்பி சொல்றான். நித்திரையில பிசத்திறியாம்."

"கிழக்கு வேலிக்காரியோட எப்பிடிக் குத்துவீங்க?"

"அவளோட வாயாலயா குத்தப்போறன்? கையாலதானே."

பாலத்தில் அவர் நெற்றியில் கண்ட வியர்வை நினைவுக்கு வந்தது. அப்போதுதான் கேட்கவேண்டும் என்று தோன்றியது. "உங்களுக்கும் எரியுது, என்ன?"

"நாலு வருசமா. விடியப்புறம் கத்தரிக்குத் தண்ணி வாக்கிறன் எண்டு கிணத்தடிக்குப் போறது எதுக்கெண்டு நினைச்சாய்? கத்தரிக்குப் பாதி, எனக்குப் பாதி."

"அப்ப நீங்களும் டொக்டரிட்ட..."

"எனக்கு வேணாம்." அவர் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "இருபத்தஞ்சு வருசம் மாசா மாசம் வந்து என்னைய ஏமாத்தினது. ஒவ்வொரு மாசமும் இந்தமுறை வராது, வராது எண்டு பாத்துக்கொண்டிருப்பன். வந்திரும். ஒருவழியாப் போய்த் துலைஞ்சிட்டு. அதைக் காசு குடுத்துக் கூப்பிடச் சொல்றியா? நீ நாலு பெத்தவள், உனக்கு அதுல கோவமில்ல. குடி."

குடித்தேன்.  மச்சாள் மீதித் தேங்காயைத் துருவி வைத்துவிட்டுப் போனார்.

குளிசை இளமையைத் திருப்பித் தரவில்லை. சஞ்சிகை தரும் என்றுதான் சொல்லியிருந்தது. எனக்குக் கிடைத்தது நித்திரை. சில வாரங்களில் சூடு தணிந்தது. அரசர்கள் தங்கள் பெயர்களோடு திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடத்தை விடவில்லை, இன்றும் அங்கேதான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலத்தைக் கடந்து போய்ப் பிரஷரும் நிறையும் பார்த்து வருகிறேன். சோர்வு முழுதாகப் போய்விடவில்லை. முன்பு எலும்புக்குள் இருந்தது, இப்போது வெளி விறாந்தையில் இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம். டொக்டர் சொன்ன மாதிரியே, விட்ட கிழமையில் தீட்டும் வந்தது.

வைகாசியில் கயிற்றுக்கு வெளியே, என்னைவிட முப்பது வயது குறைந்த பெண்களோடு நின்றேன். எச்சில் படாதபடி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மச்சாளும் கிழக்கு வேலிக்காரியும் எதிரெதிரே நின்றார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. ஒருவரையொருவர் பார்க்காமலேயே குற்றினார்கள். ஒரு உலக்கை ஏற மறு உலக்கை இறங்கியது, ஓரிடத்திலும் தட்டுப்படவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சாளின் கழுத்து சிவந்து, சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. அது வெயிலின் சூடு மட்டுமல்ல என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எதிரே நின்ற வேலிக்காரியும் அடிக்கடி கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பற்றியும் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். அந்த இடம் என்னுடையதாக இருந்திருக்கவேண்டும், ஒரு போத்தல் குளிசைக்காக மச்சாளை எதிரியோடு கட்டிவைத்துவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

குளிர்த்தி முடிந்து கோயில் பூட்டிய மறுநாள், அதை அவரிடம் சொல்லியே தீருவதென்று போனேன். அழகான வசனங்கள் தயாராக இருந்தன. மச்சாள் முற்றத்தில் கால் நீட்டி இருந்து, தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எனக்காக அவர் விட்டுக்கொடுத்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று முடித்தேன்.

"என்னத்த விட்டுக்குடுத்த?" என்றார் மச்சாள். "அந்தக் கள்ளி குத்தினா ஒரு அரிசி உடையாது. நீ நிண்டிருந்தா அம்மாளுக்கு இந்த வருசம் நொய்க்கஞ்சிதான்."