எழுத்து மரத்தில் அண்ணனின் தோணி

அண்ணனின் தோணிப் பெயரை நான் மெஷினில் நீக்கிப் பார்த்த அன்று மத்தியானம்தான் காற்று திசை மாறியது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அந்தக் குளிர்ந்த அறையில் என் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் குடும்பமே கடலில் பிழைத்த குடும்பம். அண்ணன் தண்டல், கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போகும் தோணியை நடத்துகிறவன். எனக்குக் கடல் என்றாலே பயம். தோணியில் காலை வைத்தால் அது அசையும், அவ்வளவுதான், நான் கத்திவிடுவேன். "கொழுந்தனாரு செம்புத் தண்ணி ஆடுனாலே பதறுவாவ" என்று மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். படிப்பு எனக்கு நன்றாக வந்தது என்பதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்வது. கடலுக்குப் போகாமல் தப்பிக்க வேறு வழி தெரியாததால் படித்தேன், அதுதான் நிஜம்.

மெஷின் அறையிலும் பயத்துக்குக் குறைவில்லை. மெஷின் படிப்பதற்காகத் துளை போட்ட கார்டுகளை அடுக்கி எடுத்துப்போகும்போது கை தவறினால் ஒரு வாரத்து வேலை தரையில் சிதறும். மேனேஜர் வேறு. ஆற்றங்கரைக் கோயில் ஊர்க்காரர், நெற்றியில் நாமம், நாக்கில் நெருப்பு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், ஸ்டோர்ஸுக்கு ஒருத்தன் தேடுற புரோகிராம் எழுதறான். சம்பளத்துக்கு ஒருத்தன் எழுதறான். சரக்குக்கு ஒருத்தன். மூணும் மூணு தினுசாத் தப்பு. நீர் ஒண்ணே ஒண்ணு எழுதும். புரோகிராம் லைப்ரரில வச்சிடலாம். வேணுங்கிறவன் எடுத்து உபயோகிக்கட்டும்."

"எதைத் தேடுறதுக்கு சார்?"

"எதை வேணுமானாலும். பேரைக் கொடுத்தா அதுக்கு உண்டானதைக் கொடுக்கணும். பாதிப் பேரைக் கொடுத்தா அப்படித் தொடங்குற எல்லாத்தையும் கொடுக்கணும். உள்ளே இருக்கிறது போல்ட்டா, மனுஷனா, தோணியா, அது உம்ம புரோகிராமுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நீர் எழுதினது தப்புன்னு அர்த்தம்."

அப்படிப் பிறந்ததுதான் என் எழுத்து மரம். பெயரை முழுசாக ஒரே இடத்தில் வைக்காமல் எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கணுவாக வைப்பது. ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்களெல்லாம் அந்தத் தொடக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். வேறுபடும் எழுத்தில் கிளை பிரியும். பெயர் முடியும் கணுவில் ஒரு குறி. அந்தக் குறியில் என்ன தொங்குகிறது என்பது வைக்கிறவன் பாடு, மரத்தின் பாடு இல்லை.

சேர்ப்பதும் தேடுவதும் சீக்கிரம் முடிந்துவிட்டன. நீக்குவதுதான் என்னைப் பயமுறுத்தியது. மெமரிக்குத் தரித்திரம் பிடித்த காலம் அது. குறியை மட்டும் அழித்துவிட்டு எழுத்துகளை அப்படியே விட்டால் மேனேஜர் உயிரை எடுப்பார். எழுத்துகளையும் எடுப்பது என்றால் பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் நடக்க வேண்டும். வேறொரு பெயரும் பங்கிட்டிருக்கும் கணு வந்ததும் நின்றுவிட வேண்டும். ஒரு கணு கூடுதலாக எடுத்தாலும் போச்சு, அதன் கீழே இருக்கிற பெயர்களெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். தூக்கத்திலும் எனக்கு அதே நினைப்பு.

சோதித்துப் பார்க்க ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்கள் நிறைய வேண்டும். வேறு ஊர்க்காரன் என்றால் என்ன செய்திருப்பானோ தெரியாது. எனக்குத் தோணிகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கள் கரையில் பாதித் தோணிகளுக்கு மாதா பெயர்தான். மரிய செல்வம், மரிய ராணி, மரிய ஜோதி என்று மனப்பாடமாகத் தெரியும். கடகடவென்று கார்டு துளைத்து மரத்தில் ஏற்றி, மரத்தை டேப்பில் எழுதி வைத்தேன். பிறகு நீக்கிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும். யோசிக்கவே இல்லை. அடுக்கின் மேலே இருந்த கார்டை எடுத்துப் போட்டேன். மரிய தீபம். அண்ணனின் தோணி.

நீக்கியது, டேப்பிலும் அப்படியே எழுதிக்கொண்டது. சரியாக நீக்கியதா என்று திரும்பத் தேடச் சொன்னேன். பிரிண்டர் தடதடவென்று அடித்தது. மரிய தீபம், இல்லை.

அந்தச் சொல்லைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் இருக்கிற ஆளைப் பற்றி யார் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. அண்ணன் காலையில்தான் பாய் விரித்துப் போயிருப்பான். வாசலில் வந்து ஒருவர் "தண்டல் இருக்காவளா?" என்று கேட்டால், "வந்துக்கிட்டிருக்காவ" என்றுதான் மதினி பதில் சொல்லுவாள். சின்னப் பிள்ளைகள்கூட வாய் தவறிச் சொல்லாது. அந்தச் சொல்லை நான் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் முந்தின நாள்தான் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தான்.

உடனே திரும்பச் சேர்த்துவிடலாம் என்று கார்டைத் தேடினேன். அதற்குள் சம்பளப் பட்டியல் ஓட்ட மெஷினை எடுத்துக்கொண்டார்கள். "நாளைக்குப் பாத்துக்கிடுங்க, என்ன அவசரம்?" என்றார் ஆபரேட்டர். என்ன அவசரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? படித்தவன், பாண்ட் போட்டவன். வெளியே வந்தால் காற்று வேறு பக்கமிருந்து வீசுகிறது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

புயல் அடித்தது. உப்பளங்களெல்லாம் தண்ணீர். மின்கம்பங்கள் சாய்ந்து கம்பெனி இருட்டில் கிடந்தது. மெஷின் அறைக்குப் பூட்டு. நான் அந்தப் பூட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மின்சாரம் வந்துவிட்டால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறேன்? வந்தது. மறுபடியும் 'இல்லை' என்று அடித்துவிடுமோ என்ற பயத்தில் நான் உள்ளே போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்தேன். மரிய செல்வம் வந்து சேர்ந்தது. மரிய ராணி பாய்மரம் ஒடிந்து வந்தது. கொழும்பிலிருந்து தோணி முதலாளிக்குத் தந்தி வந்தது. அண்ணனின் தோணி அங்கே போய்ச் சேரவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்றே மதினி கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"தம்பி, ஒங்க மிஷின்ல எல்லாத் தோணி பேரும் இருக்காம்லா. மாதா கோயில்ல பேசிக்கிடுதாவ. அண்ணன் தோணி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"மதினி, அது..."

"பாத்துச் சொல்லுன்னா பாத்துச் சொல்லேன்டா."

உள்ளே ஓடினேன். கார்டு துளைத்து, பெயரைச் சேர்த்து, தேடச் சொல்லி, பிரிண்டர் அடித்த தாளைக் கிழித்துக்கொண்டு வந்தேன். வியர்த்து ஊற்றுகிறது.

"இருக்கு மதினி."

அவள் தாளை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் பட்ட பயத்துக்கு முன்னால் புயலெல்லாம் ஒன்றுமே இல்லை. தோணி வரவில்லை. பலகைகூட ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக இறந்தோர் பூசை வைத்தார்கள். எங்கள் வீட்டில் மதினி ஒத்துக்கொள்ளவே இல்லை. மாதா கோயில் சாமியார் வந்து பேசினார், அவள் அண்ணன்மார் வந்து பேசினார்கள். "கொழுந்தனாரு மிஷின்ல பாத்துட்டு இருக்குன்னு சொல்லியிருக்காவ" என்று எல்லாரிடமும் ஒரே பதில். அதைக் கேட்டு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சோற்றுத் தட்டோடு எழுந்து போய்விடுவேன். நான் வைத்த பெயர் அது. நான் வைத்தேன் என்பதைத் தவிர அது வேறு எதற்கும் சாட்சி இல்லை. அந்த மரத்துக்குத் தான் தாங்குவது என்னவென்று தெரியக்கூடாது என்று எழுதியவனும் நான்தானே! மதினியிடம் இதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். 'அப்போ அவுக இல்லையா?' என்று கேட்டுவிடுவாளோ என்று மூடிக்கொள்வேன்.

மேனேஜர் வேறு பிடுங்கினார். "நீக்கறது இன்னும் லைப்ரரிக்கு வரலையே ஓய். கல்யாணத்துக்கா வச்சிருக்கீர்?" என்றார். சோதனை முடியவில்லை சார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மைதான். எந்தப் பெயரையும் நீக்கிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.

பங்குனி வெயிலில் ஒருநாள் மதினி மறுபடியும் கேட்டுக்கு வந்தாள். தலை வாரியிருந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

"நாளைக்குப் பூசைக்குச் சொல்லியிருக்கேன். அந்தப் பேர எடுத்துரு தம்பி."

"மதினி, அன்னைக்கு நான்தான்..."

"நீதான் வச்சேன்னு தெரியும்லே. ஒன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிட்டு. பேயறைஞ்ச மாதிரில்லா வந்து நின்ன. இன்னொரு கேள்வி கேட்டா இவன் இங்கனயே விழுந்துருவான்னுதான் போயிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்கும் அந்த ஒரு வார்த்த வேண்டியிருந்துச்சு. எடுத்துரு. வேற ஆளு எடுக்கக்கூடாது, நீதான் எடுக்கணும். எப்படி எடுப்ப?"

சொன்னேன். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக. மற்ற தோணிகளோடு பங்கிட்ட எழுத்து வந்ததும் நின்றுவிடும் என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரி. போ. நான் இங்கனயே நிக்கேன்."

தப்புத் தப்பாகத் துளைத்ததில் சில கார்டுகள் வீணாயின. நீக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி அச்சடிக்கும்படி சோதனைக்காக எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடத் தோன்றவில்லை. பிரிண்டர் தீபம் என்பதை வாலிலிருந்து எழுத்து எழுத்தாக அடித்தது. அப்புறம் மரிய என்பது வந்ததும் அதுவாக நின்றது. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்குப் போய், "எடுத்தாச்சு மதினி" என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"எது?"

"மரிய செல்வம், மரிய ராணி. அதெல்லாம் அப்படியே இருக்கா? கூடச் சேந்து போயிரலயே?"

அதை நான் பார்க்கவே இல்லை. ஐயோ என்று ஓடினேன். அந்தத் தோணிகளில் இரண்டு அன்றைக்குக் கடலில் இருந்தன. ஓடும்போது எனக்கு அண்ணன் நினைவுகூட இல்லை. அவர்கள் வீட்டு வாசல்கள்தான் கண்ணில் வந்தன. மரிய என்று தொடங்கும் எல்லாப் பெயரையும் அச்சடிக்கச் சொன்னேன். வந்தன. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் படித்தேன், மறுபடியும் படித்தேன்.

"எல்லாம் இருக்கு மதினி. ஒண்ணுகூடப் போகல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவுக வீட்டுப் பொம்பளைய எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாளுவள்லா, அதான் கேட்டேன்" என்றாள். பிறகு கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை மாதமும் அழாத மதினி அழத் தொடங்கினாள்.