இரண்டு பக்கமும் நீலம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். ஞாயிறுதோறும் பொம்மைக் கடைக்குப் போய், மேஜைமேல் குட்டிப் படைகளை நகர்த்திப் பகடை உருட்டிப் போர் விளையாடுபவர்களை ஓரமாய் நின்று பார்ப்பான். ஒருநாள் துணிந்து தனக்கும் ஒரு படை கேட்டான். கை தானாகக் குதிரைவீரர்களிடம் போனது.

"முதல் படைக்குக் குதிரை வேணாம் தம்பி. துண்டு துண்டாத்தான் வரும், கால் ஒட்டுறதுக்குள்ள உசிரு போயிடும்," என்றார் கடைக்காரர். "இந்தப் பெட்டிய எடுங்க. ரெண்டு படை இருக்கு. பாதி உங்களுக்கு, பாதி உங்க கூட்டாளிக்கு."

கூட்டாளி இல்லையென்று சொல்ல நா எழவில்லை. வாங்கி வந்து, ஒவ்வொரு வீரனையும் ஒட்டிப் புருவம்வரை வண்ணம் தீட்டினான். அறைத் தரையில் தன்னோடு தானே ஆடிப் பார்த்தான். இந்தப் பக்கத்துச் சூழ்ச்சி அந்தப் பக்கத்துக்கு முன்பே தெரிந்துபோனதால் ஆட்டம் சப்பென்றிருந்தது.

அடுத்த ஞாயிறு இரு படைகளையும் கடை மேஜையில் நிறுத்திவிட்டு, எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, சீருடைகூட மாற்றாமல் வந்த ஒரு பஸ் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு பக்கமும் நீலமா? எவன் எவனை வெட்டுறது?"

அவனுக்குக் காது சுட்டது. தீட்டும்போது, எதிரே ஒருவர் வந்து உட்காருவார் என்ற நினைப்பே வரவில்லை. வீரர்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போடத் தொடங்கினான்.

கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட, எதுக்கு எடுத்து வைக்கிற? போய் ஒரு சிவப்பு பெயிண்ட் டப்பா வாங்கிட்டு வா. என் ஆளுங்களுக்கு நானே அடிச்சுக்கிறேன்."