இரண்டாவது வெட்டு

கமுதியைத் தாண்டிக் குண்டாறு கிழக்கே போகும் வழியில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். மேலே சாத்தூரணி, கீழே தும்பைக்குறிச்சி. ஆற்றில் வருஷத்துக்கு நாற்பது நாள் தண்ணீர் ஓடினால் பெரிது. அது வந்ததும் சாத்தூரணிக்காரர்கள் மணலும் பனையோலையும் வேலந்தழையும் போட்டு ஆற்றை மறித்துவிடுவார்கள். அந்த மண் அடைப்புக்குக் கொறம்பு என்று பெயர். கொறம்பு நின்றால் சாத்தூரணிக் கண்மாய் பெருகும், தும்பைக்குறிச்சியில் பயிர் காயும். உடனே தும்பைக்குறிச்சிக்காரர்கள் மண்வெட்டியும் கம்புமாகப் போய் அதை வெட்டுவார்கள். வருஷம் தவறாமல் மண்டை உடையும். பங்குனியில் அதே இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பெண் கேட்டுப் போகும்.

1948 கார்த்திகையில் கூத்தையா செத்தான். கொன்றவன் மலையாண்டி.

மலையாண்டிக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு குறுக்கம் நிலம், பஞ்சம்மாள் என்ற மனைவி, வாய் திறந்து அதிகம் பேசாத குணம். கூத்தையாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அன்றைக்கு உச்சிவெயிலில், முழங்கால் தண்ணீரில், கொறம்பில் வாய் வெட்டிக்கொண்டிருந்தான் மலையாண்டி. வெட்டுகிற இடத்தில் கூத்தையா வந்து குறுக்கே நின்றான். அதற்குப் பிறகு நடந்ததைக் கரையில் நின்ற யாரும் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீர் சிவப்பாக ஓடியதைத்தான் பார்த்தார்கள்.

"கால் வழுக்கிருச்சு சாமி. ஓங்கின மம்பட்டி அவன் தலையில பட்டிருச்சு" என்று கோர்ட்டில் சொன்னான். வக்கீல் சொல்லிக்கொடுத்தது. நீதிபதி பாதி நம்பினார். ஏழு வருஷம் மதுரை ஜெயில். கழிவு போக ஐம்பத்தைந்து தையில் வெளியே வந்தபோது அவனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. பஞ்சம்மாள் மிளகாய் பழம் எடுக்கும் கூலி வேலைக்குப் போயே நிலத்தை விற்காமல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் குண்டாறு கரை புரண்டு கொறம்பு, வாய்க்கால், இரண்டு ஊர் நாற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. பார்க்க வந்த இன்ஜினியர், "மண்ணை அள்ளிப் போட்டுட்டு வருஷா வருஷம் வெட்டிக்கிட்டுச் சாகுறீங்களே, கல்லுல அணை கட்டி ரெண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்தா ரெண்டு ஊரும் பிழைக்கும். செலவுல மூணுல ஒரு பங்கை ஊர்க்காரங்க போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தும்பைக்குறிச்சி அம்பலகாரர் காத்தமுத்து ஊரைக் கூட்டினார். சித்திரையில் ஆற்றுக்குள்ளேயே எருதுகட்டு வைப்பது, சுற்றுப்பட்டு ஊர்களையெல்லாம் அழைப்பது, நாலணா டிக்கெட், வசூலாவது முழுக்க அணைக்கு என்று முடிவாயிற்று. ஆனால் அணை கட்ட வேண்டிய இடம் சாத்தூரணி எல்லையில் இருந்தது. அவர்களிடம் கேட்கப் போனவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அம்பலகாரர்.

"திருவிழாவுக்கு மொதக் காணிக்கை கூத்தையா வீட்டுல வாங்கணுமாம். தாம்பாளம் தூக்கிட்டு மலையாண்டிதான் வரணுமாம். வேற யாரு வந்தாலும் ஒரு கல்லு அங்கன வைக்க விடமாட்டாங்களாம்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மலையாண்டி, "போறேன்" என்றான்.

வீட்டில் பஞ்சம்மாள் அவன் கையிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தைப் பிடுங்கினாள். "ஏழு வருஷம் தாலிய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு கூலிக்குப் போனேன். இன்னைக்கு அறுக்கணுமா? அவங்க உன்னை வெட்டத்தான் கூப்பிடுறாக."

"தெரியும்" என்று சொல்லித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு போனான்.

கூத்தையாவின் மனைவி இராமலட்சுமி வாசலில் சோளம் குத்திக்கொண்டிருந்தாள். சாத்தூரணி மொத்தமும் தெருவில் நின்றது. மலையாண்டி தாம்பாளத்தை நீட்டி, "தாயி, ஆத்துக்கு அணை கட்டுறோம்" என்று சொல்லி முடிக்கவில்லை. உலக்கை அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கீழே விழுந்தவனை முதுகிலும் தொடையிலும் மாறி மாறி அடித்தாள். அவன் தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. கை ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினாள். மூச்சு இரைக்க, "போலே" என்றாள்.

காறை எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். பத்தாம் நாள் அந்தக் கட்டோடு மறுபடியும் போனான். இந்தத் தடவை தெருவில் கூட்டம் இல்லை. இராமலட்சுமி உலக்கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லு. கோர்ட்டுல வழுக்கிருச்சுன்னு சொன்னியே, நெசமா?"

மலையாண்டிக்குத் தொண்டை அடைத்தது. இந்தக் கேள்வியை ஜெயிலில் அவன் தன்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். வேறு யாரும் கேட்டதில்லை, பஞ்சம்மாள்கூட.

"மொத வெட்டு நெசமாவே வழுக்குனதுதான் தாயி. தோள்ல பட்டுச்சு. அவரு விழுந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணு என்னையே பாத்துச்சு. எந்திரிச்சா என்னைக் கொன்னுருவாருன்னு பயந்துட்டேன். ரெண்டாவது வெட்டு..." அவன் நிறுத்தினான். "ரெண்டாவது நான் வெட்டுனது. தலையில. தெரிஞ்சுதான் வெட்டுனேன்."

இராமலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷமாக இரண்டு காயம் இருந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிணத்தைக் குளிப்பாட்டியவள் அவள்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனாள். இரண்டு கையாலும் காய்ந்த மிளகாய் வற்றல் அள்ளி வந்து தாம்பாளத்தில் கொட்டினாள்.

"இதை வித்து எடுத்துக்கங்க. ஆத்துக்குத்தான் குடுக்குறேன். உனக்கு இல்ல. என் தம்பி சின்னச்சாமிக்கிட்ட நீ சொன்னதைச் சொல்லாம இருக்க என்னால முடியாது. பாத்து நடந்துக்க."

"சொல்லுங்க தாயி" என்றான்.

அபிராமத்திலிருந்தும் கமுதியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சித்திரை எருதுகட்டுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். வறண்ட ஆற்று மணலில் தட்டி கட்டி வாசல் விட்டிருந்தார்கள். முதல் நாள் இரண்டு ஊர்ப் பெண்களும் ஒன்றாக முளைப்பாரி சுமந்து ஆற்றைச் சுற்றிவந்து குலவை போட்டார்கள். அப்படி ஒரு காட்சியை இரண்டு ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. கீழக்கரையிலிருந்து மர வியாபாரி வாவு முகம்மது காரில் வந்தார். பின்னாலேயே ஒரு லாரி நிறைய தேக்குப் பலகை. வற்றலுக்காகப் பத்து வருஷமாக இந்தப் பக்கம் வந்துபோகிறவர்.

"அணைக்கு அடைப்புப் பலகை வேணுமுல. தோணிக்குன்னு எடுத்து வச்ச மரம் இது. உப்புத் தண்ணியிலயே கெடாது. இன்ஷா அல்லாஹ், உங்க பேரமாரு காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்பலகாரரின் காளையை வடத்தில் கட்டி இறக்கினார்கள். உறுமி முழங்கியது. பத்துப் பேர் வடத்தைப் பிடித்திருந்தார்கள். கூட்டமே காளையின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலையாண்டி வாசல் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். சின்னச்சாமி நாலணாவை நீட்டினான். மலையாண்டி நிமிர்ந்து பார்த்தான். வேட்டி மடிப்பிலிருந்து அரிவாள் வெளியே வந்துவிட்டது.

கழுத்துக்குத்தான் ஓங்கினான். மலையாண்டி இடது கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே கை தொங்கிப் போயிற்று.

"வெட்டிட்டாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். வடம் பிடித்தவர்கள் கையை விட்டு ஓடினார்கள். காளை கூட்டத்துக்குள் பாய்ந்து ஒருவன் தொடையைக் கிழித்தது, ஒரு கிழவரைத் தூக்கி எறிந்தது. தட்டிகளைப் பிடுங்கிக் கம்பாக்கி இரண்டு ஊராரும் அடித்துக்கொண்டார்கள். காலையில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் மணலில் புரண்டு ஒருவன் முகத்தை ஒருவன் கல்லால் குத்தினார்கள். ஒருவனுக்குக் கண் போயிற்று. சின்னச்சாமியைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான்கு பல் கொட்டியது. தும்பைக்குறிச்சி இளவட்டங்கள் பந்தத்துக்கு வைத்திருந்த எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, "சாத்தூரணியக் கொளுத்துவோம் வாங்கலே!" என்று கிளம்பினார்கள்.

வாவு முகம்மது தன் தோள் துண்டை இரண்டாகக் கிழித்து மலையாண்டியின் கையை இறுக்கிக் கட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். மலையாண்டி அவர் தோளைப் பிடித்து எழுந்து, எண்ணெய் டின்னோடு போனவர்கள் முன்னால் போய் மணலில் உட்கார்ந்தான்.

"என்னைத் தாண்டிப் போயிருவீகளா? எனக்கு விழுந்த வெட்டு. உங்களுக்கு என்னலே? அது பழைய கணக்கு, இன்னையோட தீந்துச்சு. இன்னைக்கு அங்கன கொளுத்துனா, நாளைக்கு இங்கன கொளுத்துவாக. அப்புறம் எந்த இன்ஜினியரு வருவான்?"

பேசிக்கொண்டே மயங்கிச் சாய்ந்தான். டின்னைத் தூக்கியவன் கீழே வைத்துவிட்டான்.

வாவு முகம்மதுவின் கார் கமுதி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. கையை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார்.

"வெட்டுனது யாரு?"

"யாரும் வெட்டல சாமி. மாடு குத்திருச்சு."

"மாடு அரிவாள் வச்சிருந்துச்சோ?"

"கொம்பு சீவுன மாடு சாமி. கூர்மையா இருந்துச்சு."

"ஏலே, ஐநூறு பேரு பாத்திருக்கான்."

"அவங்கல்லாம் ஓடுனாங்க. குத்து வாங்குனது நான்தான."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கேசு போட்டா ரெண்டு ஊருலயும் நாற்பது பேரு உள்ள போவான். அதுக்குத்தான இந்தப் பொய்யி?"

மலையாண்டி பதில் சொல்லவில்லை. சாத்தூரணியிலிருந்தும் எதிர்ப்புகார் வரவில்லை. இன்ஸ்பெக்டர் மாடு முட்டிய விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

பஞ்சம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "அவன் பொண்டாட்டிக்கு உண்மையச் சொன்ன, அதுக்குக் கை போச்சு. போலீசுக்குப் பொய்யச் சொன்ன, அதுல வெட்டுனவன் தப்பிச்சுட்டான். எனக்கு என்னய்யா சொல்லப்போற?" என்று கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல பஞ்சு. மூத்திரம் போகணும், பிடிச்சுத் தூக்கு" என்றான். அழுதுகொண்டே தூக்கிவிட்டாள்.

ஐம்பத்தேழு தையில் அணை வேலை தொடங்கியது. வசூல் போதாத இடத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் கல் சுமக்க வேண்டும் என்று ஏற்பாடு. இராமலட்சுமியும் வந்தாள். மலையாண்டி எதிரே வந்தால் மணலில் காறித் துப்பிவிட்டுக் கடந்து போவாள். பல் இல்லாத வாயோடு சின்னச்சாமி சாந்து குழைத்தான். தலையை நிமிர்த்தவே மாட்டான். ஒரு நாள் பஞ்சம்மாள் கல் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக அவனிடம் போனாள். சும்மாட்டுத் துணியை முறுக்கி அவன் முகத்திலும் முதுகிலும் கை வலிக்கும் வரை அடித்தாள். சாந்துக் கரண்டியைப் பிடித்தபடி அவன் நின்றுகொண்டே இருந்தான். மேஸ்திரி விலக்கப் போனார். "விடுங்க, அடிக்கட்டும்" என்று தடுத்தவள் இராமலட்சுமி. அடித்து முடித்துவிட்டு பஞ்சம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

ஒற்றைக் கையால் மண்வெட்ட முடியாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று இரண்டு ஊரும் கூடிப் பேசின. அணைப் பலகையைத் தூக்கி அடைத்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி வேலை. சாத்தூரணிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே, "தப்பா விடமாட்டான், விடுங்கப்பா" என்றார். வருஷத்துக்கு வீட்டுக்கு இரண்டு மரக்கால் நெல் சம்பளம். பலகை கனம், ஒரு கையால் சங்கிலியை இழுத்துக் காலால் மிதித்துப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இரண்டு தடவை கால் நகம் பெயர்ந்தது. பழகிக்கொண்டான்.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்தது. நுரையும் சருகுமாகச் செம்மண் தண்ணீர் கல்லில் மோதி ஏறியது. அன்றைக்கும் ஆட்கள் கம்போடுதான் கரைக்கு வந்தார்கள், பழக்கம் விடவில்லை. பலகைகளைத் தூக்கியதும் இரண்டு வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறங்கியது. கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். பிறகு அவரவர் வயலைப் பார்க்க ஓடினார்கள்.

மூன்றாம் நாள் காலை இராமலட்சுமி அணைமேல் வந்தாள். இடுப்பில் மண்வெட்டி செருகாமல் கையில் வைத்திருந்தாள். மலையாண்டி சங்கிலியைப் பிடித்தபடி நின்றான். அவள் துப்பவில்லை.

"எங்க வயலுக்கு மொறை என்னைக்கு?"

"நாளைக்கு விடிஞ்சதும் தாயி. மூணு நாழி."

"மூணு பத்தாது. மேட்டு வயலு."

"எல்லாருக்கும் மூணுதான் தாயி."

அவள் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு, வரப்பைச் சரிசெய்ய வயல் பக்கம் இறங்கிப் போனாள்.