பில் இல்லாத வேலை

எங்கள் கார் முதல்முறையாக உள்ளூர் மெக்கானிக்கிடம் போனது 1969 ஆவணியில். அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அவர் அண்ணன் பெரியப்பச்சி, தம்பி சித்தப்பா என்று மூன்று வீட்டுக்கும் பொதுவான கார் அது. அதுவரை மதுரையில் காரை விற்ற கம்பெனியிலேயே சர்வீசுக்கு விட்டு, அங்கே தரும் பில்லை மூன்றாகப் பங்கு போடுவார்கள். பாதிச் செலவில் முடியும் என்று நான்தான் மன்றாடி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டு அருகே பட்டறை வைத்திருந்தவரிடம் விடச் செய்தேன்.

வேலை முடிந்து அவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பெரியப்பச்சி கையை நீட்டினார். "பில்லு எங்கப்பா?"

"நம்மகிட்ட ஏதுங்க பில்லு? பேசுன காசுதான்."

"பில்லு இல்லாம மூணு வீட்டுக்கும் எப்புடிப் பங்கு போடுறது? மாத்துன சாமானையாவது காட்டு."

அவர் பட்டறைக்குப் போய் ஒரு சாக்கைத் தூக்கிவந்து முற்றத்தில் கொட்டினார். தேய்ந்த பிரேக் கட்டைகளை மூவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது நம்ம வண்டிச் சாமான்தான்னு என்ன நிச்சயம்?" என்றார் சித்தப்பா.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "மதுரையிலயும் இப்புடித்தான் கொட்டச் சொல்லிப் பாப்பீகளா?"

அங்கே யாரும் அப்படிக் கேட்டதேயில்லை. நான் தலை நிமிரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "தம்பி, இனிமே வண்டிய மதுரைக்கே விட்டுருங்க."

தையில் சர்வீசுக்கு மதுரைக்கே ஓட்டிப் போனபோது பஸ் ஸ்டாண்டை ஒதுக்கிப் பின் தெருவில் திரும்பினேன்.

"ஏன்டா இங்குட்டுச் சுத்துற?" என்றார் பக்கத்திலிருந்த பெரியப்பச்சி.

அந்தப் பக்கம் ரோடு சரியில்லை என்றேன்.