அண்ணனுக்குத் தலையாட்டிய நாள்

பெரியகல்லாற்றிலிருந்து அண்ணன் நண்டோடு வந்தால் பின்னால் ஒரு காரியம் இருக்கும். அன்றும் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இந்த ஊட்ட உன்ர மகள்ர பேருக்கு எழுதிப்போடு. மச்சானுக்குச் சொல்லாத. அவள ஜப்பானுக்கு அனுப்புறன் எண்டு ஊட்ட ஈடு வெச்சிருவார்."

இந்த வீடு அண்ணன் எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். ஆனால் அண்ணனுக்கு ஒரு மகன் இருக்கிறான், என் மகளுக்கு முறை மாப்பிள்ளை. அவனுக்காக வீட்டுக்கு இப்போதே வழி பார்க்கிறாரோ? என் மனுசனும் எனக்குத் தெரியாமல் எதையாவது செய்துவிடுவாரோ? இரண்டு பேரையும் நம்பாமலே "ஓம் அண்ணன்" என்று தலையாட்டினேன்.

அண்ணன் போனதும் சாப்பாடு. மகள் டவுனில் ஜப்பான் பாஷை படிக்கிறாள். என் மனுசன் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடக்க, வகுப்பில் கேட்ட கதையை எனக்குச் சொன்னாள். ஆதிகாலத்து ராணி ஒருத்தியிடம் அவள் அண்ணன், "நானா, உன் புருசனா, ஆர் பெரிசு?" என்று கேட்டானாம். "நீதான்" என்றாளாம். உடனே கத்தியைக் கையில் கொடுத்து, ராசா தூங்கும்போது கொல்லச் சொன்னான். மடியில் தூங்கிய ராசாவின் முகத்தில் அவள் கண்ணீர் விழுந்தது. விழித்தவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிறகு ராசாவின் படை அண்ணனைப் பிடிக்க வந்தது. எங்கள் வயல்வட்டையில் அறுத்த கதிரைக் குவித்துச் சூடு வைப்பதுபோல நெற்கட்டுகளை அடுக்கிக் கட்டிய கோட்டையாம் அண்ணனுடையது. வயிற்றுப்பிள்ளையோடு அங்கே ஓடினாள். பிறந்த பிள்ளையை மட்டும் வெளியே கொடுத்துவிட்டு, படை வைத்த நெருப்பில் அண்ணனோடு செத்தாள்.

"விசரி," என்றாள் மகள். "கேட்டோடன ஏன் நீதான் எண்டு சொன்னவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூடப்பிறந்தவன் மூஞ்சிக்கு நேர கேட்டா வேற என்னத்தச் சொல்ற?"

"உன்ர அண்ணன் உனக்கிட்ட என்ன கேட்டவர்?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மறைக்க முடியவில்லை. ஈடு வைப்பார் என்று அண்ணன் சொன்னதையும், நான் தலையாட்டியதையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

"எழுதிக் குடு," என்றார். "மகள்ர ஊட்டில தாய் இருக்கலாம். மருமகன் வந்தா எனக்கு என்ன இடம்? சித்தாண்டியில என்ர தங்கச்சிக்கிட்ட போன மாசமே கேட்டுப்போட்டன், அங்க வந்திரட்டா எண்டு."

"மாமி என்ன சொன்னவ?" என்று மகள் கேட்டாள்.

"வாங்க அண்ணன் எண்டவள். புருசனக் கேக்கவும் இல்ல."